நின்றால் நோய், ஓடினால் சுகம்: பழைய வீட்டுக் குளியலறையை நாமே திருத்துவோம்

"குளிக்கிற இடம்தானே! அதுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. தீபாவளி வந்தால் வீட்டு முகப்புக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். ஹாலுக்குப் புதுத் திரைச்சீலை போடுகிறோம். நாற்காலியைக்கூட மாற்றுகிறோம். பின்கட்டில் இருக்கிற குளியலறை மட்டும், நாற்பது வருஷத்துக்கு முந்திப் போட்ட சிமெண்டுத் தரையோடும், பாசி படிந்த சுவரோடும், ராத்திரி பகல் சொட்டிக்கொண்டே இருக்கிற பைப்போடும் அப்படியே கிடக்கிறது. விருந்தாளி எட்டிப் பார்க்காத இடம். அதனால் அதற்குக் காசு செலவழிக்க மனசு வருவதில்லை.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வது எங்கே? டிங்கிக் கொசு முட்டையிடுவது எங்கே? ஈரக் கையோடு சுடுநீர்ப் பெட்டியைத் தொட்டு "ஷாக்" வாங்குவது எங்கே? கழுவுகிற மருந்தின் நெடி தாங்காமல் மூச்சுத் திணறுவது எங்கே? எல்லாம் அந்த ஐந்தடிக்கு ஏழடி அறைக்குள்ளேதான்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, போர்ட் கிள்ளான், பண்டமாரான், தெலுக் பூலாய் பக்கம் பழைய வீடு வாங்கிக் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பல. கையிலிருந்த சேமிப்பெல்லாம் வீட்டுக்கே போயிருக்கும். "குளியலறையை மாத்தணும்னா கொத்தனாருக்கு எங்கே போறது?" என்ற கவலை நியாயமானதுதான். அதில் பாதிக்கு மேற்பட்ட வேலையை நாமே செய்யலாம். எதை நாமே செய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பது தெரிந்தால் போதும். அதைத்தான் இந்த முறை பார்க்கப்போகிறோம்.

இந்த ஊரே கற்றுக்கொடுத்த பாடம்

போர்ட் கிள்ளானுக்குப் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். 1972இல்தான் இன்றைய பெயர் வந்தது. அந்தத் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அலையாத்திக் காடும் சதுப்பு நிலமும் சூழ்ந்த இடம் அது. திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவியது. ரயில்வே ஆட்கள், துறைமுகத் தொழிலாளர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

அதே 1901இல் கிள்ளான் மாவட்டத்துக்கு மருத்துவ அதிகாரியாக வந்தவர் டாக்டர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று இந்தியாவில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து அப்போது நாலு வருஷந்தான் ஆகியிருந்தது. அந்த உண்மையை இங்கே செய்து காட்டினார்கள். காட்டை வெட்டினார்கள். பள்ளத்தை நிரப்பினார்கள். கடல்நீர் ஏறாதபடி கரை கட்டினார்கள். தேங்கி நின்ற தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி ஓடவிட்டார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. துறைமுகம் பிழைத்தது. பிறகு இதே முறை கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் போனது.

ஆக, ஒரு ஊரைக் காப்பாற்றிய மருந்து என்ன? நின்ற தண்ணீரை ஓடவைத்தது! நம் வீட்டுக் குளியலறைக்கும் அதே மருந்துதான். தண்ணீர் வரும் வழி, நிற்கும் இடம், போகும் வழி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த அறை சுகமான அறை. இல்லாவிட்டால் எத்தனை விலை கொடுத்துப் பளபளப்பான டைல் கல் ஒட்டினாலும் உள்ளே இருப்பது பழைய நோய்தான்.

வீடு யாருடையது?

சுத்தியலைக் கையில் எடுக்கும் முன் இந்தக் கேள்வி. இன்னும் தோட்ட வீட்டில் குடியிருக்கிறீர்களா? அந்த வீடு நிர்வாகத்துடையது. தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து, வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைத்திருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம் சொல்கிறது. ஆகவே உடைந்த கழிப்பறைக்கும் ஒழுகும் குழாய்க்கும் உங்கள் சொந்தக் காசைப் போட்டுக் கஷ்டப்பட வேண்டாம். என்ன பழுது, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும். சரிசெய்யாவிட்டால் அந்தப் பிரதியோடு கிளைத் தலைவரைப் பாருங்கள். தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம்.

சொந்த வீடு என்றால், உள்ளே தரை மாற்றுவது ஒரு மாதிரி. சுவரை இடிப்பது, பின்பக்கம் நீட்டிக் கட்டுவது வேறு மாதிரி. இரண்டாவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். கிள்ளானில் 2024 முதல் அது அரச மாநகர் மன்றம். முதலில் போய்க் கேட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

முதல் வேலை: உட்கார்ந்து பார்ப்பது

ஒரு சனிக்கிழமை மாலை குளியலறையில் ஐந்து வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, வாசலில் முக்காலி போட்டு உட்காருங்கள். சிரிக்காதீர்கள், இதுதான் முதல் வேலை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பத்து நிமிஷம் கழித்து எந்த மூலையில் தேங்கி நிற்கிறது? அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். அங்கே ஈரமோ, உரிந்த பெயிண்டோ இருந்தால் தண்ணீர் சுவருக்குள் போகிறது என்று அர்த்தம். பழைய டைல் கல்லை ஒரு ஐம்பது காசு நாணயத்தால் தட்டுங்கள். "டொக் டொக்" என்று உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் கேட்டால் அது பிடிப்பு விட்ட கல்.

அடுத்து மீட்டர். வீட்டிலுள்ள எல்லாப் பைப்புகளையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பழைய வீடுகளில் நாகம் பூசிய இரும்புக் குழாய்தான் போட்டிருப்பார்கள். அது உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வருகிறதென்றால் அதுதான் காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழாயை மாற்றாமல் அதன்மேல் புதுக் கல் ஒட்டுவது, புண்ணை மூடிக் கட்டுவது போல. ஆறு மாதத்தில் கல்லை உடைத்துத் தோண்ட வேண்டி வரும். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள குழாயெல்லாம் நம் பொறுப்பு. அதற்கு உரிமம் பெற்ற குழாய் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்து மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்ட் கிள்ளான் பக்கம் களிமண் பூமி, மெத்தென்று இறங்கும். பிற்பாடு நீட்டிக் கட்டிய குளியலறை, முன்வீட்டை விட்டுத் தனியே கீழே இறங்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இரண்டும் சேருமிடத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பு இருந்தால், வெறும் சிமெண்டை அப்பி மூடாதீர்கள். விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

உடைக்கும் முன் மூன்று எச்சரிக்கை

ஒன்று, கூரையும் சீலிங்கும். பழைய வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் சாம்பல் நிறத்தில், அலையலையாகவோ தட்டையாகவோ கல்நார்த் தகடு போட்டிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்பது அதுதான். சும்மா இருக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. அறுத்தாலும் உடைத்தாலும் துளை போட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நெஞ்சுக்குள் போய்த் தங்கும். பல வருஷம் கழித்து நுரையீரல் நோயாக, புற்றுநோயாக வரும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. ஆகவே அந்தத் தகட்டில் கை வைக்க வேண்டாம். உடைந்த துண்டு கிடந்தால் விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு எடுத்து, இரட்டைப் பையில் கட்டுங்கள். தகடு மாற்றுவது அதற்கென்று உள்ள ஆட்களின் வேலை.

இரண்டு, தூசி. டைல் கல்லையும் சிமெண்டையும் மெஷின் வைத்து உலர்ந்தபடி அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வெளியே, காற்றோட்டமான இடத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம்.

மூன்று, சிமெண்டு. ஈரச் சிமெண்டு தோலைப் பொத்துவிடும். "நான் எத்தனையோ வருஷமா வெறுங்கையாலதான் குழைக்கிறேன்" என்று சொல்பவர்கள் தங்கள் விரலிடுக்கைக் காட்டட்டும்! ரப்பர்க் கையுறையும் பூட்ஸும் போடுங்கள். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடைத்த கல்லையும் மண்ணையும் பின்வீதிக் கால்வாயில் கொட்டாதீர்கள். நாம் கொட்டிய மண்தான் அடுத்த மழையில் நம் வீட்டுக்கே தண்ணீராகத் திரும்பி வரும்.

தரை: அடிக்குக் கால் அங்குலம்

குளியலறையின் உயிர் அதன் சரிவில் இருக்கிறது. கதவுப் பக்கத்திலிருந்து தண்ணீர் போகும் ஓட்டைவரை, ஒரு அடிக்குக் கால் அங்குலம் வீதம் தரை இறங்க வேண்டும். ஏழடி நீளம் என்றால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒன்றே முக்கால் அங்குல வித்தியாசம். இதற்கு ரசமட்டமும் நூலும் போதும். நாலு மூலையிலும் அளவுக் குறி வைத்து நூல் கட்டிவிட்டால் புதிதாக வேலை செய்பவர்கூடச் செய்துவிடலாம்.

பிடிப்பு விட்ட பழைய கல்லைப் பெயர்த்தெடுத்துச் சுத்தம் செய்யுங்கள். "பழசு மேலேயே புதுசை ஒட்டிட்டா என்ன?" என்று கேட்கலாம். பழைய கல் உறுதியாக இருந்தால் முடியும். ஆனால் தரை உயர்ந்துவிடும். வாசலில் இருந்த படி குறைந்து, தண்ணீர் அடுக்களைக்குள் வரும். அதை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தரைப் பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு கெடுதல். பூசிய பிறகு ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வையுங்கள். நன்றாக உலர்ந்தபின் நீர்க்காப்புப் பூச்சு. ஹார்ட்வேர் கடையில் வாளியில் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் முறைப்படி, குறைந்தது இரண்டு கை அடிக்க வேண்டும். முதல் கை குறுக்கே என்றால் இரண்டாவது கை நெடுக்கே. தரையில் மட்டும் அடித்தால் போதாது. சுவரில் ஓரடி உயரம், குளிக்கும் பக்கத்தில் ஆளுயரம் ஏற வேண்டும். மூலைகளையும் குழாய் நுழையும் இடங்களையும் விடாமல் அடையுங்கள். ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான்.

இனிமேல் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிற வேலை. பூச்சு காய்ந்ததும் ஓட்டையைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு பகல் ஒரு இரவு அப்படியே விடுங்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டதா, மறுபக்கச் சுவர் நனைந்ததா என்று பாருங்கள். சரியாக இருந்தால்தான் கல் ஒட்ட வேண்டும். இந்த ஒரு நாள் பொறுமை பத்து வருஷச் செலவை மிச்சப்படுத்தும்.

கல் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். கடையிலேயே ஒரு கல்லில் தண்ணீர் தெளித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். தரைக்குச் சொரசொரப்பான சிறிய கல்லே நல்லது. சந்து அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். ஐந்துக்கு ஏழு என்றால் முப்பத்தைந்து சதுர அடி. உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து முப்பத்தொன்பது சதுர அடி வாங்குங்கள்.

ஒரே குளியலறை உள்ள வீடு என்றால் இத்தனை நாளும் குடும்பம் எங்கே குளிக்கும்? அதைப் பக்கத்து வீட்டாரோடு முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர்கள் வீட்டு வேலை நடக்கும்போது நீங்கள் கைகொடுங்கள்.

தொட்டியும் டிங்கிக் கொசுவும்

பழைய வீட்டுக் குளியலறை என்றாலே சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கும். மொண்டு குளிக்கிற சுகமே தனி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வாட்சன் காலத்துச் சதுப்பு நிலக் கொசு மாதிரி இல்லை. அது வீட்டோடு வாழ்கிற கொசு. சுத்தமான, அசையாத தண்ணீரைத்தான் தேடும். நம் தொட்டி அதற்கு அரண்மனை! முட்டை கொசுவாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். இன்னொன்று தெரியுமா? முட்டையைத் தண்ணீரில் போடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் சாகாது. ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது தொட்டியை எடுத்துவிடுவதே உத்தமம். "தண்ணி நின்னு போனா என்ன செய்யிறது?" என்பீர்கள். உண்மைதான். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடியபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் தவித்தன. சேமிப்புத் தண்ணீர் வேண்டும்தான். அதற்கு இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் தோங்கு வாங்குங்கள். மூடி திறந்து கிடந்தால் தோங்கும் தொட்டிதான்.

தொட்டியை எடுக்க முடியாதவர்கள், சுகாதார இலாகா பரிந்துரைக்கும் "அபேட்" மணல் மருந்தைப் போடலாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கணக்கு. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரையடி ஆழமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 425 லிட்டர் பிடிக்கும். அதற்கு நாற்பது கிராமுக்குச் சற்று மேல். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து அந்த அளவே போடுங்கள். அதிகம் போட்டால் அதிக நன்மை என்பதில்லை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: 1975ஆம் ஆண்டின் நோய்க்கிருமிப் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு.

தண்ணீர் நிற்க வேண்டிய ஒரே இடம்

தண்ணீர் நிற்கக் கூடாது என்று இத்தனை நேரம் சொன்னோம். நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கழிப்பறைக் கோப்பையின் வளைவிலும், தரை ஓட்டையின் அடியிலுள்ள கிண்ணத்திலும் ஏறக்குறைய இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்கும். அதுதான் பூட்டு. சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர். பழைய வீட்டில் சிலர் "அடைச்சுக்குது" என்று அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்திருப்பார்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். அதிக விலையில்லை. எலி ஏறாதபடி வலைமூடியும் வேண்டும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் வருவது எலிக்காய்ச்சல்; உயிருக்கே ஆபத்து. 2021 டிசம்பர் வெள்ளம் போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், கையுறையும் பூட்ஸும் இல்லாமல் குளியலறையைக் கழுவ இறங்காதீர்கள்.

கழிவுத் தொட்டி உள்ள வீடுகள் கவனிக்க: அதன் மூடி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அடுக்களையை நீட்டிக் கட்டும்போது மூடியின் மேலேயே கல் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். பிறகு தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரிக்காரர் வந்தும் பயனில்லை. பெரிய அலை ஏறும் நாளில் நம் பக்கத்துக் கால்வாய்கள் வடியாமல் நிற்கும். நிறைந்த தொட்டியும் சேர்ந்தால் அசுத்தம் வீட்டுக்குள்ளேயே பொங்கும். மூடியைத் திறந்து விடும்படி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இண்டா வாட்டர் அல்லது உரிமம் பெற்றவர்களைக் கொண்டு உறிஞ்சச் செய்யுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் நீங்களே தொட்டிக்குள் இறங்காதீர்கள். அதிலுள்ள விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன கதைகள் உண்டு.

மின்சாரத்தில் கை வைக்காதீர்

சுடுநீர்ப் பெட்டி மாட்டுவது நம் வேலை அல்ல. "மச்சானுக்கு வயரிங் தெரியும்" என்பதும் போதாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். ஈரமான இடத்துக்கு, 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு வேண்டும். பழைய ஃபியூஸ் பெட்டி உள்ள வீடுகளில் இது இல்லாமலே இருக்கலாம். வயர்மேனிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எர்த் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தச் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். "டக்" என்று விழ வேண்டும். விழாவிட்டால் அது காவல் காக்கவில்லை.

பைப்பைத் தொட்டால் லேசாக "ஜிவ்"வென்று இழுக்கிறதா? "ஈரத்துல அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அது கடைசி எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பாட்டியை மறக்காதீர்கள்

காலமெல்லாம் பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் தேய்ந்த முட்டி, குந்தி உட்கார்ந்து எழ முடியாது. முடிந்தால் உட்காரும் கோப்பை போடுங்கள். அதன் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி வையுங்கள். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடியிலிருந்து மூன்றடி உயரம் சரியாக இருக்கும். துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. பாரம் தாங்கும் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகப் பதித்து, நீங்களே முழுப் பலத்தோடு தொங்கிப் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் கொடுங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால் காப்பாற்றப் போனவர் என்ன செய்வார்? வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். வாசற்படியின் விளிம்புக்கு வேறு நிறம் பூசுங்கள். மங்கிய கண்ணுக்கும் தெரியும். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஒரு மாதத்து மின்சாரச் செலவு, ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

கழுவும்போது கலக்காதீர்கள்

வேலை முடிந்தது, புதுக் கல்லில் சிமெண்டுக் கறை. கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுவோம். பிறகு வெள்ளை வெளேரென்று இருக்க குளோராக்ஸும் ஊற்றுவோம். இங்கேதான் ஆபத்து! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறை, அடைத்த ஜன்னல். இரண்டு நிமிஷத்தில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, மயக்கம் வரும். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். அதை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு, வேறு நாளில் இன்னொன்று. கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். மருந்தைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்; தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், விஷம் தெரியாது.

காசு குறைவா? இப்படித் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. முதல் மாதம் வயர்மேனைக் கூப்பிட்டுப் பாதுகாப்புச் சுவிட்சு. அடுத்த மாதம் ஒழுகும் குழாயும் தரைக் கிண்ணமும். மூன்றாவது கைப்பிடிக் கம்பியும் விளக்கும். நாலாவது, பள்ளி விடுமுறையில், தரைச் சரிவும் நீர்க்காப்பும். அழகான சுவர்க் கல் கடைசியில் வரட்டும். அது வராமலே போனாலும் யாரும் சாகப்போவதில்லை. முன்னே சொன்னவை இல்லாவிட்டால் சாகலாம்.

"கூழானாலும் குளித்துக் குடி" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். குளிக்கிற இடம் நம்மை நோயில் தள்ளாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. இந்தச் சனிக்கிழமையே ஐந்து வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு முக்காலியில் உட்காருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.